பெருநகரத்துக்குப் பக்கத்தில் கேம்பிங்: இடத்தை எதை வைத்து முடிவு செய்வது?

புதுக்கூடாரம்:
பெரிய நகரத்துல இருக்கோம். நான், மனைவி, 6 வயசுலயும் 9 வயசுலயும் ரெண்டு பிள்ளைங்க. வெள்ளிக்கிழமை வேலை முடிஞ்சு கார்ல கிளம்பி, ரெண்டு ராத்திரி தங்கிட்டு ஞாயிறு மதியம் திரும்பலாம்னு நினைக்கிறோம். ரெண்டு மணி நேரத் தொலைவுக்குள்ள நிறைய கேம்ப்கிரவுண்ட் மேப்புல தெரியுது. எல்லாத்துக்கும் நாலு ஸ்டாருக்கு மேல, எல்லா போட்டோவும் அழகு. எதை வச்சு முடிவு பண்றது? போன்ல என்னென்ன கேட்டுக்கணும்? அங்க போனதும் டென்ட் போட எப்படி இடம் பார்க்கறது? டென்ட் இன்னும் வாங்கலை.

மலைச்சாரல்:
முதல்ல அந்த ரெண்டு மணி நேரத்தைச் சரி பாருங்க. மேப் சும்மா காட்டற நேரம், நீங்க பார்க்கற அந்த நிமிஷத்துக்கான கணக்கு. புறப்படற நேரத்தை வெள்ளி மாலை 6 மணின்னு மாத்தி வச்சுப் பாருங்க. ஒன்றரையிலிருந்து மூணு மணி நேரம்னு வந்தா மூணுன்னே வச்சுக்குங்க. அந்தக் கணக்குப்படி சூரியன் மறையறதுக்கு ஒன்றரை மணி நேரம் முன்னாடி போய்ச் சேர முடியாதுன்னா, அந்த இடம் வெள்ளிக்கிழமைக்கு ஆகாது. இருட்டுல முளை இறங்கற இடம் மண்ணா பாறையான்னு தெரியாது, தலைக்கு மேல காய்ஞ்ச கிளை இருக்கறதும் தெரியாது. சனிக்கிழமை விடியக்காலைல கிளம்பி ஒரே ராத்திரி தங்கறது, சின்னப் பிள்ளைங்களோட முதல் தடவை போறவங்களுக்கு ரொம்ப நல்லது. ஆனா சில இடங்கள்ல வார இறுதின்னா ரெண்டு ராத்திரிக்குக் குறைஞ்சு புக்கிங் தர மாட்டாங்க, அதை முன்னாடியே கேட்டுடுங்க.

அடுத்து, மேப்பை சாட்டிலைட் படத்துக்கு மாத்துங்க. கேம்ப்கிரவுண்டைச் சுத்தி ரெண்டு மூணு கிலோமீட்டருக்கு ரயில் பாதை, நெடுஞ்சாலை, கல்குவாரி ஏதாவது இருக்கான்னு தேடுங்க. நகரத்துக்குப் பக்கத்து இடங்கள்ல தூக்கத்தைக் கெடுக்கறது பெரும்பாலும் இதுதான். பகல்ல போய்ப் பார்த்தாலும் தெரியாது. தெளிவான ராத்திரியில தரையை ஒட்டின காத்து குளிர்ந்து, மேல இருக்கற காத்து சூடா இருக்கும். அப்ப மேலே போற சத்தம் வளைஞ்சு தரைப் பக்கமே திரும்பும். பகல்ல காதுல விழாத லாரி சத்தம் நடுராத்திரி கூடாரத்துக்குள்ள கேக்கறது இதனாலதான். நடுவுல ஒரு குன்று இருந்தா பெரிய அளவுக்குத் தடுக்கும். மரங்கள் நீங்க நினைக்கிற அளவு தடுக்காது.

ஸ்டாரைப் பார்க்காதீங்க. விமர்சனங்களைப் புதுசுலேர்ந்து வரிசைப்படுத்தி, ரெண்டு ஸ்டாரும் மூணு ஸ்டாரும் குடுத்தவங்க எழுதினதை மட்டும் படிங்க. அவங்கதான் காரணத்தோட எழுதுவாங்க. நீங்க போகப்போற அதே மாசத்துல வந்தவங்க போட்ட படங்களைத் தேடிப் பாருங்க.

போன்ல கேக்க வேண்டியது: கேட் எத்தனை மணிக்குப் பூட்டுவாங்க? கார் டென்ட் பக்கத்துல நிக்குமா, இல்ல சாமான் சுமக்கணுமா? குடிக்கற தண்ணி குழாய்ல வருதா? ஜெனரேட்டரும் ஸ்பீக்கரும் எத்தனை மணி வரைக்கும்? அந்த வாரம் பெரிய குழு ஏதாவது புக் பண்ணியிருக்கா? கடைசிக் கேள்வியைத் தயங்காம கேளுங்க. ஐம்பது பேர் கொண்ட குழு பக்கத்துல இருந்தா மத்தது எல்லாம் சரியா இருந்தும் பிரயோஜனமில்லை.

ஈரமண்:
கேம்ப்கிரவுண்டைத் தேர்ந்தெடுப்பது பாதி வேலைதான். அதற்குள் எந்த எண் இடம் என்பதுதான் மீதிப் பாதி. சுமாரான கேம்ப்கிரவுண்டின் நல்ல மூலை, பேர்பெற்ற கேம்ப்கிரவுண்டின் மோசமான மூலையைவிட எவ்வளவோ மேல்.

தள வரைபடத்தைக் கேட்டு வாங்குங்கள். கழிப்பறையிலிருந்து 50 முதல் 100 மீட்டர் சரி. அதற்குக் கிட்டே போனால் விளக்கும் கதவுச் சத்தமும் விடாது, தள்ளிப்போனால் ராத்திரி பிள்ளைகளைக் கூட்டிப்போவது பாடாகிவிடும். நுழைவாயிலுக்கு நேரே, சாலை வளையும் இடத்தில் உள்ள எண்களை விட்டுவிடுங்கள். தாமதமாக வரும் ஒவ்வொரு வண்டியின் ஹெட்லைட்டும் கூடாரத்தின் மேல் அடிக்கும். குழாயடிக்குப் பக்கத்து இடமும் வேண்டாம், தரை காயாது, கொசுவும் சேரும்.

போனதும் கூடாரத்தைப் பிரிக்காமல் முதலில் தரையைப் படியுங்கள். மழை பெய்தால் தண்ணீர் எங்கே ஓடும், எங்கே தேங்கும் என்பதற்கு அடையாளம் அங்கேயே இருக்கும். சருகுகள் ஒரே பக்கமாக ஒதுங்கி வரிசை கட்டியிருந்தால் அது நீரோடிய தடம். மாவு போன்ற வண்டல் படிந்து வெடித்திருந்தால் நீர் தேங்கிய இடம். நாள்பட்ட இடங்களில் பல கூடாரங்கள் அழுத்தி நடுப்பகுதி தட்டுப்போலக் குழிந்திருக்கும். பார்வைக்குச் சமதளம், மழையில் குளம். தண்ணீர் நிறைந்த பாட்டிலைப் படுக்க வைத்து உருள்கிறதா என்று பாருங்கள். பிறகு நீங்களே ஒரு நிமிடம் படுத்துப் பாருங்கள், முதுகில் கல்லும் வேரும் உறுத்துவது அப்போதுதான் தெரியும். லேசான சரிவு குற்றமில்லை, மேட்டுப் பக்கம் தலை வையுங்கள். பக்கவாட்டுச் சரிவு மட்டும் கூடாது.

அப்புறம் நிமிர்ந்து மேலே பாருங்கள். இலையில்லாத கிளை, முறிந்து சிக்கிக்கொண்டிருக்கும் கிளை, அடியில் காளான் முளைத்த மரம், இவற்றின் கீழே வேண்டவே வேண்டாம். காற்றே இல்லாத நேரத்திலும் காய்ந்த கிளை விழும்.

தரைவிரிப்பில் நிறையப் பேர் ஒன்றைக் கவனிப்பதில்லை. கூடாரத்துக்கு அடியில் விரிக்கும் ஷீட் மேல்துணியின் விளிம்பைத் தாண்டி வெளியே நீட்டக் கூடாது. ஒரு மில்லிமீட்டர் மழை என்றால் ஒரு சதுர மீட்டருக்கு ஒரு லிட்டர் தண்ணீர். ஷீட் ஒரு சதுர மீட்டர் வெளியே நீட்டிக்கொண்டிருந்து 10 மில்லிமீட்டர் பெய்தால் 10 லிட்டரை நீங்களே ஏந்திப் படுக்கைக்கு அடியில் விட்டுக்கொள்கிறீர்கள். ஓரத்தைச் சுற்றிலும் ஷீட்டுக்கு அடியில் போகும்படி உள்பக்கமாக மடித்துவிடுங்கள்.

புதுக்கூடாரம்:
ரெண்டு பேருக்கும் ரொம்ப நன்றி. இதையெல்லாம் வச்சுக் கழிச்சதுல ரெண்டு இடம் மிஞ்சுது. ஒண்ணு ஆத்தங்கரை, பள்ளத்தாக்கு அடியில. இன்னொண்ணு சரிவுல, 900 மீட்டர் உயரத்துல. குளிர் எதுல கம்மியா இருக்கும்? நாலு பேருக்கு எத்தனை பேர் டென்ட் வாங்கணும்?

ஈரமண்:
உயரம் 1000 மீட்டர் கூடினால் சராசரியாக 6.5 டிகிரி குறையும் என்பது பொதுக் கணக்கு. அதை மட்டும் பார்த்தால் பள்ளத்தாக்குதான் கதகதப்பு. ஆனால் மேகமும் காற்றும் இல்லாத இரவில் குளிர்காற்று கனத்து, சரிவு வழியே இறங்கிப் பள்ளத்தில் தேங்கும். ஆற்றங்கரையில் ஈரமும் சேர்வதால் காலையில் கூடாரத்தின் உள்பக்கமே நனைந்திருக்கும். ஆற்றங்கரையையே எடுத்தாலும் கரையை ஒட்டாமல் 60 மீட்டராவது தள்ளி, சற்று மேடான எண்ணைக் கேளுங்கள். அந்த ஆற்றில் மேலே அணை இருக்கிறதா என்றும் விசாரியுங்கள். அணை திறந்தால் மழையே இல்லாமலும் நீர்மட்டம் ஏறும். அணை இருந்தால் சரிவு இடத்துக்கே போய்விடுங்கள்.

எங்கே போனாலும் குளிர் ஏறுவது தரை வழியாகத்தான். வெறும் காற்று மெத்தை போதாது, அதன்மேல் ஃபோம் பாய் ஒன்று போடுங்கள். ஸ்லீப்பிங் பேக்கில் இரண்டு மூன்று வெப்பநிலை அச்சடித்திருக்கும். கம்ஃபர்ட் என்று போட்டிருக்கும் எண்ணைத்தான் பார்க்க வேண்டும். லிமிட் என்பது உடலைச் சுருட்டிக்கொண்டு எப்படியோ இரவைக் கழிக்கக்கூடிய அளவு.

மலைச்சாரல்:
டென்ட்ல நாலு பேர்னு போட்டிருந்தா நாலு பாய் நெருக்கமா விரிக்கலாம், அவ்வளவுதான். பைக்கு இடம் இருக்காது. ஆறு பேர் டென்ட் எடுங்க. ஆனா வாங்கறதுக்கு முன்னாடி கேம்ப்கிரவுண்ட்ல ஒரு தளத்தோட நீள அகலம் கேளுங்க. இழுகயிறு கட்ட ஒவ்வொரு பக்கமும் ஒரு மீட்டர் கூடுதலா வேணும். தளம் 4 மீட்டர் சதுரமா இருந்தா பெரிய டென்ட் அடங்காது. கிளம்பறதுக்கு முன்னாடி மொட்டைமாடியிலயோ மைதானத்துலயோ ஒரு தடவை முழுசா நிறுத்திப் பாருங்க, கம்பியோ கொக்கியோ குறைஞ்சா அங்கேயே தெரிஞ்சிடும்.

தண்ணி, குடிக்கவும் சமைக்கவும் ஆளுக்கு நாளைக்கு 4 லிட்டர். குழாய் இருந்தாலும் முதல் நாளுக்கானதைக் கையோட கொண்டுபோங்க.

நிலாவெளி:
ரெண்டு விஷயம் விட்டுப்போச்சு. மின்னல் தெரிஞ்சு 30 நொடிக்குள்ள இடி கேட்டா டென்ட்டை விட்டுட்டு எல்லாரும் காருக்குள்ள போயிடுங்க, கண்ணாடியை ஏத்திடுங்க. கடைசி இடி கேட்டு 30 நிமிஷம் வரைக்கும் இறங்க வேண்டாம். மின்னல்கிட்டேர்ந்து டென்ட் காப்பாத்தாது. அதனால காரை டென்ட்லேர்ந்து ரொம்ப தூரத்துல நிறுத்தச் சொல்ற இடத்தை மழைக்காலத்துல தவிர்த்துடுங்க.

இன்னொண்ணு, அடுப்பையோ கரித்தணலையோ எவ்வளவு குளிரா இருந்தாலும் டென்ட் உள்ள கொண்டுபோகாதீங்க, வாசல் மறைப்புக்குள்ளயும் வேண்டாம். அணைஞ்ச மாதிரி தெரியற தணல்லேர்ந்தும் கார்பன் மோனாக்ஸைடு வந்துகிட்டே இருக்கும். வாசனை கிடையாது, தூங்கறவங்களுக்குத் தெரியவே தெரியாது. தணல்ல தண்ணி ஊத்திக் கிளறி, திரும்பவும் ஊத்தி, புறங்கையைக் கிட்ட கொண்டுபோனா சூடே இல்லைன்னு ஆன பிறகு படுங்க.