"அப்பாகிட்ட சொல்லிடாதீங்க சிஸ்டர்": இப்படி கேட்டா நீங்க என்ன பண்றீங்க? அனுபவம் சொல்லுங்க

கேன்சர் வார்டுல டியூட்டி பாக்குற எல்லாருக்கும் இது தெரியும். அட்மிஷன் போட்டு கேஸ் ஷீட் கைக்கு வர்றதுக்குள்ள மகனோ மருமகனோ ஓரமா கூப்பிட்டு "அப்பாவுக்கு வயித்துல புண்ணுன்னு சொல்லித்தான் கூட்டிட்டு வந்திருக்கோம், தெரிஞ்சா ஒடஞ்சு போயிடுவாரு"ன்னு கெஞ்சுவாங்க. பாசத்துலதான் கேக்குறாங்க, அத மதிக்கணும். ஆனா அந்த அப்பா வாசல் போர்ட படிச்சிட்டுத்தான உள்ள வர்றாரு, பக்கத்து பெட்காரருக்கு முடி கொட்டுறதையும் பாக்குறாரு.

எங்க வார்டுல டெல்டா பக்கத்து விவசாயி ஒருத்தர், நைட் டியூட்டில ட்ரிப்ஸ் மாத்தப் போனப்போ "ஏம்மா, எனக்கு வெறும் புண்ணுதானா?"ன்னு கேட்டார். இந்த எடத்துல நம்ம வாய்ல தானா வர்றது "கவலப்படாதீங்க, ஒண்ணும் ஆகாது". கேக்க ஆறுதலா இருக்கும், ஆனா அதோட அவரு பேச்சும் நின்னுரும். நான் ஸ்டூல இழுத்துப் போட்டு உக்காந்து "உங்களுக்கு என்னன்னு தோணுது ஐயா?"ன்னேன். ரொம்ப நேரம் பேசல, நானும் பேசல. அப்புறம் அவரே "தெரியும்மா, பய அழுவான்னுதான் தெரியாத மாதிரி இருக்கேன்"னார். நெலத்து மேல இருக்க கடன், சின்னப் பொண்ணு கல்யாணம், இதெல்லாம் மகன்கிட்ட பேசணும்னு துடிக்கிறார், பேசத்தான் வழியில்ல.

நோயோட பேரு, ஸ்டேஜ் எல்லாம் சொல்ல வேண்டியது டாக்டர், அதுல நாம முந்தக் கூடாது. "டாக்டர்கிட்ட முழுசா கேக்கணுமா, பையன் கூட இருக்கட்டுமா?"ன்னு மட்டும் கேட்டேன், இருக்கட்டும்னார். நர்ஸஸ் நோட்ஸ்ல எழுதி, டியூட்டி மாறும்போது ஹேண்ட்ஓவர்ல அடுத்த சிஸ்டர்கிட்ட சொல்லி, டாக்டர் காதுலயும் போட்டேன். பையன்கிட்ட "அவரு கேக்காதத நான் சொல்ல மாட்டேன், ஆனா கேட்டா பொய் சொல்ல மாட்டேன், உங்களுக்கு எதுல பயம்?"னு கேட்டா, அப்பா சாப்பாட்ட நிறுத்திருவாரோன்னு பயமாம். மறுநாள் டாக்டர் ரெண்டு பேரையும் உக்கார வெச்சு பேசினார். அழுதாங்க, ஆனா சாயங்காலமே கடன் கணக்கு பேச ஆரம்பிச்சிட்டாங்க, சாப்பாடும் நிக்கல.

கெட்ட சேதி சொல்றதுக்கு 2000ல வந்த ஸ்பைக்ஸ் முறைல 6 படி இருக்கு. தனி எடம் பாக்குறது முதல் படி, அவருக்கு ஏற்கெனவே என்ன தெரியும்னு கேக்குறது ரெண்டாவது, எவ்வளவு தெரிஞ்சுக்க விரும்புறார்னு கேக்குறது மூணாவது. விஷயத்த சொல்றதே நாலாவதாத்தான் வருது. அந்த ரெண்டாவது மூணாவது படிதான் நைட் டியூட்டில நம்ம தலைல வந்து விழுது.

பதில் 1

அக்கா, எனக்கு நேர்மாறா ஒண்ணு நடந்துச்சு. ஒரு அம்மாகிட்ட இதே மாதிரி கேட்டேன், "எனக்கு ஒண்ணும் சொல்லாத கண்ணு, பெரியவன்கிட்ட சொல்லிரு, அவன் பாத்துக்குவான்"னாங்க. அதுவும் அவங்க உரிமைதான, அத அப்படியே நோட்ஸ்ல எழுதி வெச்சேன். ஆனா கீமோ ஏத்துற அன்னிக்கு வாந்தி வரலாம், வாய்ப்புண் வரலாம், காய்ச்சல் வந்தா ஒடனே வரணும்னு அவங்ககிட்டயே சொன்னேன், நோய் பேர் வேண்டாம்னவங்களுக்கும் தன் ஒடம்புக்கு நாளைக்கு என்ன ஆகும்னு தெரிஞ்சாகணும்ல. மனசு மாறலாம்னு அடுத்த அட்மிஷன்லயும் கேட்டேன், அப்பவும் பெரியவன்தான்!

பதில் 2

நான் ஐசியூ. வென்டிலேட்டர்ல இருக்கவங்களால வாய் தொறந்து கேள்வி கேக்கவே முடியாது, அதனால நாமளே முந்திக்கிட்டு சொல்லணும். சளி உறியப் போறேன், இருமல் வரும், கொஞ்சம் மூச்சு முட்டும், சீக்கிரம் முடிஞ்சிரும்னு சொல்லிட்டுத்தான் ஒவ்வொரு தடவையும் டியூப்ப தொடுவேன், மயக்க மருந்துல இருந்தாலும் சொல்லுவேன். முழிச்சிருக்கவங்ககிட்ட ஆமான்னா ஒரு தடவ, இல்லன்னா ரெண்டு தடவ கண்ண மூடச் சொல்லி வெச்சிருக்கோம், கேள்வியும் ஒண்ணொண்ணாத்தான். "வலிக்குதா, திரும்பிப் படுக்கணுமா"ன்னு சேத்து கேட்டா அவங்க எதுக்கு கண்ண மூடுறாங்கன்னே நமக்குத் தெரியாது.

ஜெனரல் வார்டுல தனி ரூமே கெடையாதே, அங்க இருக்கவங்க இந்த மாதிரி பேச்சுக்கு எங்க உக்காருறீங்க? எங்க பக்கம் விசிட்டர்ஸ் போனப்புறம், புண்ணுக்கு கட்டுப் போடுற டிரெஸ்ஸிங் ரூம்லதான் பேசுறோம்.