மாட்டுக் கொட்டகையில் நாலு வருஷம் நின்ற இம்பல்ஸ்: கிக் அடிக்கும் முன் என்ன பார்க்கணும்?

பாலக்கோடு_மண்தடம்

2012 மாடல் ஹீரோ இம்பல்ஸ் பைக். கொட்டகை ஓரத்தில் தார்ப்பாய் போட்டு நாலு வருஷமா நிக்குது. நிறுத்தும்போது டேங்கில் பாதி பெட்ரோல் இருந்தது. இப்ப மூடியைத் திறந்தால் வார்னிஷ் வாடை, டார்ச் அடித்தால் உள்ளே துரு. பேட்டரி செத்துப்போச்சு. கிக்கரைக் கையால் அழுத்தினால் இறங்குது, ஆனா இதுவரை ஒரு கிக்கும் அடிக்கல. கார்புரேட்டர் கழற்றத் தெரியும், அதுக்கு மேல பெருசா வேலை தெரியாது. எதில் ஆரம்பிக்கலாம்?

கெலமங்கலம்_ஸ்பேனர்

கிக் அடிக்காமல் வெச்சிருக்கீங்க பாருங்க, அது நல்லது. சிலிண்டர் சுவரில் இருந்த ஆயில் வடிஞ்சு போயிருக்கும். அந்த வறட்சியில் அடித்தால் பிஸ்டன் ரிங் சுவரைக் கீறும்.

முதலில் ஸ்பார்க் பிளக் குழியைச் சுற்றி இருக்கும் மண்ணை ஊதிவிட்டு, பிளக்கைக் கழற்றி 5 மில்லி இன்ஜின் ஆயிலை சிரிஞ்சில் உள்ளே விடுங்க. ஒரு ராத்திரி ஊறட்டும். மறுநாள் பிளக் இல்லாமலே கிக்கரைக் கையால் மெதுவா பத்துப் பதினைந்து தடவை இறக்குங்க. குழியில் துணி வைங்க, இல்லாட்டி ஆயில் மூஞ்சியில் அடிக்கும்.

பழைய இன்ஜின் ஆயிலை வடித்து 10W-30 புதுசா ஊற்றுங்க. ஒரு லிட்டர் டப்பா வாங்கினால் கிட்டத்தட்ட சரியா இருக்கும். டிப்ஸ்டிக்கைத் திருகாமல் சும்மா வைத்துத்தான் அளவு பார்க்கணும். வடித்தது பால் காபி நிறத்தில் வந்தால் உள்ளே தண்ணி சேர்ந்திருக்கு. அப்படின்னா வண்டி ஓடி நல்லா சூடானதும் இன்னொரு தடவை மாற்றணும்.

டேங்கில் இருக்கிறதை ஒரு சொட்டு விடாமல் வெளியே எடுங்க. இப்போதைய பெட்ரோலில் எத்தனால் கலந்திருக்கு, அது காற்றிலிருக்கும் ஈரத்தை இழுக்கும். அளவு மீறினால் தண்ணியும் எத்தனாலும் பிரிஞ்சு அடியில் தங்கும். டேங்க் அடியில் இருக்கும் பெட்ரோல் டேப் உறிஞ்சுவது அந்த அடியைத்தான். "பாதிக்குப் பாதி புதுசு கலந்தால் ஓடும்"னு யாராவது சொன்னால் கேட்காதீங்க.

துருவுக்கு எலுமிச்சை உப்பு (சிட்ரிக் அமிலம்) போதும், லிட்டருக்கு 100 கிராம். முதலில் சோப்புத் தண்ணியில் டேங்கைக் கழுவுங்க. டேப்பைக் கழற்றி ஓட்டையை அடைச்சு, சுடுதண்ணியில் கரைச்ச உப்பை வாய் வரை நிரப்பி ஒரு நாள் விடுங்க. கொட்டியதும் சமையல் சோடா கலந்த தண்ணியால் அலசி, உடனே வெயிலில் காய வைங்க. தாமதிச்சா கண்ணெதிரிலேயே மறுபடி செம்மை ஏறும். காய்ந்ததும் கொஞ்சம் 2டி ஆயில் (டூ-ஸ்ட்ரோக் வண்டி ஆயில்) விட்டு உள்ளே சுற்றவிடுங்க.

தொப்பூர்_இரண்டாம்கியர்

ஸ்பேனர் அண்ணா சொன்னதில் ஒண்ணு விட்டுப்போச்சு: எலுமிச்சை உப்பு ஊற்றும் முன் பெட்ரோல் மீட்டரின் மிதவையை டேங்கிலிருந்து கழற்றிடணும். அமிலத்தில் ஊறினால் அது போச்சு.

மாட்டுக் கொட்டகைன்னு சொன்னதால் இன்னொண்ணு. மாட்டு மூத்திரத்திலிருந்து வரும் அம்மோனியா செம்பையும் பித்தளையையும் அரிக்கும். ஒயர்களை இணைக்கும் கப்ளர் ஒவ்வொண்ணையும் பிரிச்சுப் பாருங்க, பச்சை பூத்திருந்தால் கான்டாக்ட் கிளீனர் அடிச்சுத் துடைக்கணும். இதைப் பார்க்காமல் "கரன்ட் வரல"ன்னு சிடிஐ (ஸ்பார்க்கைக் கொடுக்கும் பெட்டி) மாத்தினால் காசுதான் தண்டம்.

சைலன்சர் வாயில் குளவிக்கூடு, ஏர் பில்டர் பெட்டியில் எலிக்கூடு இருக்கான்னும் பாருங்க. பில்டர் ஸ்பாஞ்ச் விரல் பட்டு உதிர்ந்தால் புதுசு போடுங்க, உதிர்ந்த தூள் நேரா இன்ஜினுக்குள்தான் போகும்.

பிளக்கில் ஸ்பார்க் பார்க்கும்போது அதன் உடம்பு இன்ஜின் உலோகத்தில் நல்லா ஒட்டியிருக்கணும், பக்கத்தில் பெட்ரோல் இருக்கக் கூடாது. பிளக்கே விலை குறைவு, புதுசே போட்டுடுங்க.

ஸ்டார்ட் ஆனதும் எடுத்தவுடனே பர்ஸ்ட் கியர் போடாதீங்க. கிளட்ச் பிளேட் ஒட்டிப் போயிருந்தால் லீவர் பிடிச்சிருந்தாலும் வண்டி பாயும். அணைச்ச நிலையில் கியர் போட்டு, கிளட்ச் பிடிச்சு முன்னும் பின்னும் உருட்டி விடுபடுதான்னு பார்த்துக்கோங்க.

பாலக்கோடு_மண்தடம்

டேங்க் பளிச்சுனு ஆயிடுச்சு, கப்ளர் எல்லாம் துடைச்சாச்சு, புது பிளக் போட்டாச்சு. கார்புரேட்டரையும் கழுவினேன். ஸ்டார்ட் ஆகுது! ஆனா சோக் போட்டால்தான் ஓடுது, சோக்கை எடுத்ததும் அணைஞ்சிடுது. ஆக்சிலேட்டர் விடும்போது சைலன்சரில் பட் பட்டுன்னு சத்தம்.

கெலமங்கலம்_ஸ்பேனர்

பைலட் ஜெட் இன்னும் அடைப்பா இருக்கு தம்பி. பெரிய ஜெட் கழுவினதும் திறந்துடும். ஐடிலுக்கு (ஆக்சிலேட்டர் விட்ட நிலையில் ஓட) பெட்ரோல் கொடுக்கும் சின்ன ஜெட்டின் துளை ஊசி முனை அளவுதான், காய்ந்த பெட்ரோல் பசை அதில் கல்லாட்டம் நிக்கும். சோக் போட்டால் கலவையில் பெட்ரோல் கூடுவதால் குறை மறையுது.

ஜெட்டைக் கழற்றி வெளிச்சத்துக்கு நேரா பிடிங்க. துளை முழு வட்டமா தெரியணும், மங்கலா தெரிந்தால் அடைப்புத்தான். கார்ப் கிளீனரில் சில மணி நேரம் ஊற வெச்சு, ஒயரிலிருந்து உரிச்ச ஒற்றைச் செம்பு இழையை விட்டு எடுங்க. இரும்புக் கம்பி வேண்டாம், பித்தளைத் துளை பெரிசாயிடும். பைலட் ஸ்குரூவை உள்ளே மெதுவா திருகி எத்தனை சுற்றுன்னு எழுதி வெச்சுட்டு வெளியே எடுங்க. அடியில் ஸ்பிரிங், வாஷர், சின்ன ஓ-ரிங் மூணும் இருக்கும். ஓ-ரிங் துளைக்குள்ளேயே ஒட்டிக்கும், தேடிப் பாருங்க. அந்த வழியிலும் கிளீனர் அடிச்சு, எதிர்ப்பக்கம் பீய்ச்சி வருதான்னு பார்த்தால்தான் உறுதி. திரும்பப் போடும்போது எழுதி வெச்ச அதே சுற்று.

தொப்பூர்_இரண்டாம்கியர்

அதுக்கப்புறமும் அப்படியே இருந்தால் கார்புரேட்டருக்கும் இன்ஜின் ஹெட்டுக்கும் நடுவில் இருக்கும் ரப்பரைப் பாருங்க, நாலு வருஷத்தில் வெடிச்சிருக்கலாம். வண்டி ஓடும்போது அந்த இணைப்பில் லேசா கார்ப் கிளீனர் அடிங்க. சத்தம் மாறினால் அங்கே காற்று இழுக்குது. சைலன்சர் சூடாகும் முன்னாடியே செய்யணும், தீப்பிடிக்கிற சமாச்சாரம்.

ரோட்டில் எடுக்கும் முன் முன் டிஸ்க் பிரேக்கின் பேடை அழுத்தும் காலிப்பர் பிஸ்டன் உள்ளே திரும்பிப் போகுதான்னு பார்த்து, பிரேக் ஆயிலை மாற்றுங்க. பிரேக் ஆயில் கிண்ண மூடியில் போட்டிருக்கும் டாட் (DOT) ரகம்தான் ஊற்றணும். டயர் பக்கவாட்டில் நாலு இலக்கம் இருக்கும், 3215 என்றால் 2015-ல் 32-வது வாரம் செய்தது. பள்ளத்தில் வெடிப்பு தெரிந்தால் பட்டன் எவ்வளவு மிச்சமிருந்தாலும் மாற்றிடுங்க.

ஓட்டிப் பார்க்க அஞ்செட்டி, ஒகேனக்கல் பக்கக் காட்டுத்தடத்துக்குப் போயிடாதீங்க. அந்தக் காட்டில் பெரும்பகுதி 2014-லேயே காவேரி வடக்கு சரணாலயம் ஆயிடுச்சு, வனத்துறை பிடிச்சால் வண்டியே போகும். காப்பீடும் புகைச் சான்றும் முதலில் எடுங்க. 2012 வண்டிக்கு 15 வருஷப் பதிவு 2027-ல் முடியும், ஆர்சி புத்தகத்தில் தேதியைப் பார்த்து அதுக்கு முன்னாடியே உங்க ஆர்டிஓவில் பதிவைப் புதுப்பிக்கப் படிவம் 25 கொடுக்கணும்.