மறுமொழி: பட்டப்பின் பாடநெறிக்குப் பெயர்: நிரம்பலா, வழங்கலா, தானியங்கியா?

வணக்கம்.

இந்த இழையில் வந்த மடல்களை ஒரே இருப்பில் வாசித்து முடித்தேன். பேச்சு புறநானூறு வரைக்கும் போய்விட்டதால் கேள்வியைத் திரும்ப எழுதுகிறேன். கொழும்பில் வாரநாளில் வேலை பார்த்துக்கொண்டு சனி, ஞாயிறில் படிக்க வருகிறவர்களுக்கு சப்ளை செயின் ஒட்டோமேஷன் (பொருளை வாங்குவது முதல் கடைக்குச் சேர்ப்பது வரையான வேலைகளை இயந்திரத்திடமும் கணினியிடமும் விடுவது) பற்றிய பாடநெறி. பாடம் ஆங்கிலத்தில்தான். ஆனால் வருகிறவர்களில் பலர் உயர்தரம் வரை தமிழில் படித்தவர்கள், இப்போது பேலியகொடைப் பக்கம் பண்டகசாலைகளிலும் துறைமுகத்தை அண்டிய கம்பனிகளிலும் இருக்கிறார்கள், அவர்களுக்காக ஒரு தமிழ்க் கையேடு தயாராகிறது. அட்டையில் என்ன போடுவது?

சப்ளைக்கு நிரம்பல் என்று முந்திய மடலில் அண்ணை சொன்னதில் நியாயம் உண்டு. இலங்கையில் பொருளியல் படித்த எவருக்கும் கேள்வியும் (டிமாண்ட்) நிரம்பலும் மனப்பாடம் (தமிழ்நாட்டில் அதே பாடம் தேவையும் அளிப்பும்). ஆனால் அந்த நிரம்பல், ஒரு விலையில் விற்பவர்கள் சந்தைக்குக் கொண்டுவரத் தயாராக இருக்கும் அளவு. சங்கிலியில் நடப்பது ஒருவர் கையிலிருந்து இன்னொருவர் கைக்குப் பொருள் போவது. அதற்கு வழங்கல் போதும். புதிதாக யாருக்கும் சொல்லிக் கொடுக்கவும் வேண்டாம், மாதாமாதம் வருகிற தண்ணீர் பில்லில் நீர் வழங்கல் வடிகாலமைப்புச் சபை என்று இருக்கிறதே. பத்திரிகைகள் எழுதும் விநியோகச் சங்கிலியை நான் எடுக்கவில்லை. விநியோகம் என்றதும் லொறி ஏறிக் கடைக்குப் போவதுதான் மனதில் வரும், பெறுகையும் உற்பத்தியும் வெளியே நின்றுவிடும். முகாமைத்துவ ஆலோசகர் கீத் ஒலிவர் 1982இல் சப்ளை செயின் மனேஜ்மென்ட் என்று பேசத் தொடங்கியதே கொள்வனவு, உற்பத்தி, களஞ்சியம், விற்பனை என்று தனித்தனியாகக் கிடந்ததை ஒன்றாகப் பார்க்கத்தான்.

வழங்கற்சங்கிலி என்று புணர்த்தித்தான் எழுத வேண்டும் என்ற ஐயாவுக்கு: இலக்கணம் உங்கள் பக்கம். தேடுபொறி என் பக்கம். பிரித்தே எழுதுவோம்.

இனி ஒட்டோமேஷன். இங்கேதான் எனக்குச் சண்டை பிடிக்க வேண்டியிருக்கிறது.

"தானியங்கி வழங்கல் சங்கிலி" என்று மூன்று பேர் எழுதியிருக்கிறார்கள். தானியங்கி என்றால் தானாக இயங்கும் ஒரு பொருள். பண்டகசாலைக்குள் ஆளில்லாமல் ஓடும் வண்டி தானியங்கி, சரி. ஆனால் இந்தப் படிப்பில் வண்டியும் பாரந்தூக்கியும் ஒரு பகுதிதான். சுங்கத்தில் அசிக்குடா என்ற கணினி முறை வந்த பிறகு வாஃப் கிளார்க் (சரக்கை விடுவிக்கும் எழுத்தர்) கஸ்டெக்கை, அதாவது சுங்கப் பிரகடனத்தை, கணினியில் அனுப்புகிறார். அங்கே ஓடுவது ஆவணம், இரும்பு எதுவும் அசையவில்லை. அதற்கும் மேலே முடிவெடுப்பது என்று ஒன்று இருக்கிறது. புறக்கோட்டை நான்காம் குறுக்குத் தெருவில் பருப்பு மொத்தமாக விற்கிற முதலாளி அடுக்கியிருக்கும் மூட்டைகளை ஒரு பார்வை பார்த்து, மூட்டை தூக்கும் நாட்டாமிமாரிடம் இரண்டு வார்த்தை கேட்டு, அடுத்த ஓடரைப் போடுவார். கணக்கியலில் நாம் படித்த மீள்கட்டளை மட்டம் அதுதான்: சரக்கு வந்து சேரும்வரை விற்கக்கூடிய அளவு, அதோடு எதிர்பாராததற்காகக் கொஞ்சம் காப்பிருப்பு. இதை மென்பொருளிடம் கொடுத்தால் அந்த மட்டத்தைத் தொட்டதும் ஓடர் தானே போகும். ஆனால் நோன்பு மாதத்தில் மட்டத்தை எவ்வளவு உயர்த்துவது, கப்பல் பிந்தினால் எந்த வழங்குநரிடம் போவது, எந்தத் தொகைக்கு மேல் மனிதர் கையொப்பம் வேண்டும் என்று ஒருவர் உட்கார்ந்து வகுக்க வேண்டும். வேலை பார்க்கிறவர் வாரஇறுதியைக் கொடுத்து, கட்டணமும் கட்டிப் படிக்க வருவது இந்த வகுத்தலுக்காக. தானியங்கி என்ற சொல்லில் அந்த ஆளுக்கு இடமே இல்லை.

ஆகவே என் முன்மொழிவு தன்னியக்கமாக்கல். தன்னியக்கம் நமக்குப் பழகியது, வங்கிகளே எழுதுகின்றன. 'ஆக்கல்' சேர்ந்தால் யாரோ ஆக்குகிறார் என்பது நிற்கும். வழங்கல் சங்கிலித் தன்னியக்கமாக்கல். நீளம்தான், மறுக்கவில்லை. அட்டையில் இரண்டு வரியாகப் போடலாம்.

அப்புறம் ஒரு சின்ன விஷயம். முதுமாணி (மாஸ்டர்ஸ்) என்று அட்டையில் போட வேண்டாம். இலங்கைத் தகைமைச் சட்டகத்தில் பட்டப்பின் சான்றிதழ் 7ஆம் நிலை, டிப்ளோமா 8, முதுமாணி 9இலும் 10இலும் வரும். இடையில் டிப்ளோமாவோடு நிறுத்திக்கொள்பவர்களும் இருப்பார்கள். பட்டப்பின் கற்கை என்றால் எல்லோருக்கும் பொருந்தும்.

கையேட்டுக்குள் இன்னொரு சொல் தொண்டையில் நிற்கிறது. புல்விப் எஃபெக்ட். புல்விப் என்றால் நீளமான சாட்டை. கடையில் விற்பனை கொஞ்சம் ஏறினால் மொத்த வியாபாரி கூடுதலாக ஓடர் போடுகிறார், அவருக்கு மேலே இருப்பவர் இன்னும் கூட்டுகிறார், தொழிற்சாலைக்குப் போய்ச்சேரும்போது பெரிய அலை. அமெரிக்கப் பேராசிரியர் ஜே ஃபொரஸ்டர் 1961இலேயே இந்த ஆட்டத்தை விளக்கிவிட்டார், 1997இல் ஹாவ் லீ என்ற பேராசிரியரும் கூட்டாளிகளும் குழந்தைகளின் டயப்பர் விற்பனையை உதாரணம் காட்டி எழுதினார்கள். தன்னியக்கமாக்கலைத் தப்பாகச் செய்தால் இது குறையாது, கூடும், ஏனென்றால் மென்பொருள் களைக்காமல் ஓடர் போட்டுக்கொண்டே இருக்கும். சவுக்கு விளைவு என்று ஒருவர் எழுதியிருந்தார். எங்கள் பக்கத்தில் சவுக்கு என்றால் காரைநகர் கசூரினாக் கரையில் நிற்கிற மரம். சாட்டை விளைவு என்கிறேன். பிடியில் சின்ன அசைவு, நுனியில் பெரிய வீச்சு, அதுவே விளக்கமும் ஆகிவிடுகிறது.

வெள்ளவத்தையிலிருந்து

---

மறுமொழி, கோயம்புத்தூரிலிருந்து:

தம்பி, வழங்கலுக்கு என் ஓட்டு. தன்னியக்கமாக்கலுக்கு அரை ஓட்டு. இங்கே ஆலைகளில் ஆட்டோமேஷன் என்றுதான் பேசுகிறார்கள், எழுதும்போது தானியக்கம் என்கிறோம். 'தானியக்கமாக்கல்' என்றாலும் உங்கள் ஆக்கல் அதில் இருக்கிறதே? தன்னியக்கம் எங்கள் காதுக்குக் கொஞ்சம் அந்நியம். சாட்டை நன்று. பெறுகை என்றால் இங்கே விளங்காது, கொள்முதல் என்று பக்கத்தில் போட்டுவிடுங்கள்.

---

மறுமொழி, வெள்ளவத்தையிலிருந்து:

அண்ணா, தானியக்கத்தை மறுக்க என்னிடம் காரணம் இல்லை, பழக்கம் மட்டும்தான் இருக்கிறது. கையேடு கொழும்பில் அச்சாவதால் அட்டையில் தன்னியக்கமாக்கல் இருக்கட்டும், சொற்பட்டியலில் இரண்டையும் தருகிறேன். பெறுகைக்குப் பக்கத்தில் கொள்முதல், பண்டகசாலைக்குப் பக்கத்தில் கிடங்கு, முகாமைத்துவத்துக்குப் பக்கத்தில் மேலாண்மை. காப்பிருப்பு பற்றி யாரும் வாய் திறக்கவில்லை. அதை நானாகச் சேர்த்தேன், வேறு சொல் புழக்கத்தில் இருந்தால் வெள்ளிக்கு முன் எழுதுங்கள், சனிக்கிழமை வகுப்பில் படியைக் கொடுக்க வேண்டும்.