எந்தச் செட்டுங்க?

சோமனூர் மருமகள்:
எனக்குப் பிறந்த ஊர் தஞ்சாவூர்ப் பக்கம். கல்யாணமாகி சோமனூருக்கு வந்த நான்காம் நாள், மாமியார் தூக்குப்போசியில் காப்பியை ஊற்றிக் கையில் கொடுத்தார். "உங்க மாமன் செட்டுல இருக்காரு கண்ணு, குடுத்துட்டு வந்துரு." செட்டு என்றால் எங்கள் ஊரில் பம்புசெட்டுதான். தோட்டத்து வரப்பில் நடந்து கிணற்றடிக்குப் போனேன். மோட்டார் ரூம் பூட்டிக் கிடந்தது. திரும்பி வந்தால், வீட்டுக்குப் பின்னாடி தறி ஓடுகிற கொட்டகையிலிருந்து மாமனார் வேர்வையைத் துடைத்தபடி வெளியே வருகிறார். காப்பி ஆறிப்போயிருந்தது. "இது தறிச் செட்டு, அது மோட்டார் செட்டு. எந்தச் செட்டுன்னு கேக்கோணுமல்லோ?" என்று மாமியார் சிரித்தார். வீட்டுக்காரரோ அவருடைய செட்டோடு கோயமுத்தூர் போயிருந்தார். அது மூன்றாவது!

பல்லடத்துக்காரன்:
தறிச் செட்டு உண்மையில் ஷெட், வேறு சொல். நம் வாயில் ஷ நிற்காததால் வந்த குழப்பம். மோட்டாரும் பம்பும் ஜோடியாக வருவதால் அது மட்டும் அசல் செட்டு. ஜி.டி. நாயுடுவும் பாலசுந்தரம் நாயுடுவும் 1937இல் கோவையில் மின்மோட்டார் செய்த நாளிலிருந்து நமக்குப் பழகின சாமான்.

வெள்ளைக்காரனுக்கும் இதே தலைவலிதான். 'வை, உட்கார வை' என்கிற செட் பழைய ஆங்கிலம். கூட்டம், தொகுதி என்கிற செட் லத்தீனிலிருந்து பிரெஞ்சு வழியாக வந்தது. ஆக, சிமெண்ட் செட்டாவதும் உங்கள் வீட்டுக்காரரின் செட்டும் வேறு வேறு வேர். 1989இல் வந்த ஆக்ஸ்ஃபோர்டு பேரகராதியில் இந்த ஒரு சொல்லுக்கு 430க்கும் மேற்பட்ட பொருள். பிற்பாடு 'ரன்' முந்திக்கொண்டது. வினைச்சொல்லாக மட்டுமே அதற்கு 645.

பெருந்துறை மேஸ்திரி:
சிமெண்ட் என்றதும் ஞாபகம் வந்தது. ஒரு வீட்டுக்குக் கான்கிரீட் போட்டு முடித்த சாயங்காலம். தம்பிக்குப் பெண் பார்த்துக்கொண்டிருந்த புரோக்கர் போனில் கூப்பிட்டு, "என்னங்க, செட்டாயிருச்சுங்களா?" என்றார். கலவைச் சத்தத்தில் இன்ஜினியர் என்று நினைத்துவிட்டேன். "ராத்திரிக்குள்ள செட்டாயிருமுங்க. அப்புறம் ரெண்டு வாரம் தண்ணி கட்டி வெக்கோணும், இல்லீன்னா விரிசல் உட்ரும்" என்றேன். மறுமுனையில் ரொம்ப நேரம் பேச்சே இல்லை. அந்த இடம் செட்டாகவில்லை.

திருப்பூர் மெர்ச்சண்டைசர்:
வேலைக்குச் சேர்ந்த புதிதில் பையர், அதாவது ஆர்டர் கொடுத்தவர், 'சைஸ் செட்' கேட்டார். நாலு பீஸ் அனுப்பினேன், நாலும் எம் சைஸ். எஸ், எம், எல், எக்ஸ்எல் என்று சைஸுக்கொன்றாக அனுப்பினால்தான் அது செட். அவர் அளந்து ஓகே சொன்ன பிறகுதான் மொத்தத் துணியில் கத்தரி வைக்க முடியும். என்னால் கட்டிங் டேபிள் ஐந்து நாள் சும்மா கிடந்தது. மாஸ்டர் திட்டியதை இங்கே எழுத முடியாது.

சோமனூர் மருமகள்:
இதையெல்லாம் மாமனாருக்குப் படித்துக் காட்டினேன். 430 என்றதும், "மைக்செட்டு, பேண்டுசெட்டு எல்லாம் அதுல வருமா சாமி?" என்று கேட்டார். காப்பியை இப்போது அவரே வீட்டுக்குள் வந்து குடித்துவிட்டுப் போகிறார்.