அரக்கோணம் நம்ம ஊரா இல்லையா? (புதுப் பாட்டு தேடுகிறவர்களும் பழைய பேண்டே போதும் என்பவர்களும் இங்கே வந்து அடித்துக்கொள்ளவும்)

பாலாற்றங்கரை | இரவு 9.12

பிரியாணி விவாத இழையில் கேசட் மாமா நேற்று போகிற போக்கில் ஒன்றைக் கொளுத்திப் போட்டுவிட்டுப் போனார். பார்க்காதவர்களுக்காக: "2010க்குப் பிறகு வந்த இண்டி (சுயாதீன இசை) எல்லாம் லூப்பும் லைட்டும்தான். கேட்க வேண்டியதை நாங்கள் அப்போதே கேட்டு முடித்துவிட்டோம். வட ஆற்காட்டில் தோலும் பிரியாணியும் உண்டு, பாட்டு கிடையாது."

சீரகச் சம்பாவா பாஸ்மதியா என்ற பேச்சுக்கு நடுவில் இது எங்கிருந்து வந்தது என்று தெரியவில்லை. அங்கேயே பதில் போட்டால் பேச்சை மாற்றாதே என்பார்கள். அதனால் தனி இழை.

மாமா, ராப் பாடகர் அறிவு எந்த ஊர்க்காரர்? அரக்கோணம். 2018 ஜனவரியில் கீழ்ப்பாக்கத்தில் தி கேஸ்ட்லெஸ் கலெக்டிவ் முதல்முறை மேடை ஏறியதே, அந்த இசைக்குழுக்காரர். 2019இல் இசையமைப்பாளர் ஆஃப்ரோவோடு சேர்ந்து 'தெருக்குரல்' ஆல்பம் போட்டார். 2021 மார்ச்சில் பாடகி தீயோடு 'எஞ்சாயி எஞ்சாமி'. எல்லாம் 2010க்குப் பிறகு, ஆளும் வட ஆற்காடு. ஒரே கல்லில் உங்கள் இரண்டு மாங்காயும் விழுந்தன.

திங்கள்கிழமைதோறும் ஸ்பாட்டிஃபை தள்ளுகிற முப்பது பாட்டையும் உட்கார்ந்து கேட்கிறவன் நான். பாதிக்கு மேல் குப்பைதான், இல்லை என்று சொல்லவில்லை. மீதியில் ஒன்று மாட்டினால் போதும், அந்த வாரம் ஓடிவிடும்.

கேசட் மாமா | 9.20

தம்பி, அரக்கோணம் ராணிப்பேட்டை மாவட்டம். 2019 நவம்பர் 28இல் வேலூரிலிருந்து பிரித்தாயிற்று. செய்தித்தாள் படிக்கிற பழக்கம் உண்டா?

அடுத்த முறை ஆள் பிடிக்கும்போது நம்ம வேலூர் மாவட்டத்துக்குள்ளேயே பிடிக்கவும்.

ரெண்டாம் பிளாட்பாரம் | 9.26

அரக்கோணத்தில் உட்கார்ந்துதான் இதை எழுதுகிறேன். அறிவு பிறந்தபோது ஏது சார் ராணிப்பேட்டை மாவட்டம்? 1989இல் திருவண்ணாமலையைத் தனியாகப் பிரித்தபோதும் அரக்கோணம் வட ஆற்காட்டில்தான் இருந்தது. அப்புறம் அது வேலூர் மாவட்டம் என்று ஆனபோதும் நாங்கள் கூடவே வந்தோம். எங்கள் வீட்டுப் பத்திரத்தில் இன்றைக்கும் 'வட ஆற்காடு அம்பேத்கர் மாவட்டம்' என்றுதான் இருக்கிறது.

இன்னொன்று. நீங்கள் எழுதியதே 'வட ஆற்காடு' என்று. வேலூர் என்று எழுதவில்லை. மேலே போய் உங்கள் வாக்கியத்தை நீங்களே ஒருமுறை படியுங்கள்.

கேசட் மாமா | 9.31

பத்திரத்தை டெக்கில் போட்டுப் பாட்டு கேட்க முடியாது. என் வண்டி நம்பர் TN 23, ராணிப்பேட்டை வண்டி TN 73. அரக்கோணம் வேலூர் இல்லை. இதில் விவாதிக்க என்ன இருக்கிறது?

ஆம்பூர்க்காரி | 9.38

சரிங்க மாமா, அதே 2019 கணக்கையே எடுத்துக்கொள்வோம். ஆம்பூர் இப்போது திருப்பத்தூர் மாவட்டம். அப்போ பிரியாணி உங்களுடையது இல்லை. ராணிப்பேட்டையும் போய்விட்டது, தோலில் பாதி அதோடு போனது. வேலூருக்கு மிச்சம் கோட்டையும் வெயிலும்தான். பெருமை பேசுமுன் எங்கள் பிரியாணியைத் திருப்பிக் கொடுத்துவிட்டுப் பேசவும். தாளிச்சாவும் சேர்த்து.

கேசட் மாமா | 9.40

பிரியாணி வேறு, பாட்டு வேறு. அம்மணிக்குக் கிண்டல் மட்டும் வருகிறது.

லீட் கிட்டார் | 9.47

இரண்டு பக்கமும் பேசுகிறவர்கள் யாராவது இந்த ஊரில் சொந்தப் பாட்டு வாசிக்கிற ஒரு நிகழ்ச்சிக்குக் காசு கொடுத்து வந்திருக்கிறீர்களா? கல்யாண மண்டபத்தில் கிட்டாரோடு நின்றிருக்கிறேன். சொந்தமாகப் போட்ட ஒரு பாட்டை நைசாக நுழைத்தால், பல்லவி முடிவதற்குள் மணமகன் தரப்பிலிருந்து ஒருவர் துண்டுச் சீட்டோடு மேடை ஏறிவிடுவார். சீட்டில் ராஜா பாட்டு இருக்கும், இல்லையென்றால் டப்பாங்குத்து. அதை முடித்தால்தான் சாப்பாட்டு டோக்கன்.

பாலாற்றங்கரை 'புதுசு தேடுகிறேன்' என்கிறார். பக்கத்துத் தெருவில் இருக்கிறோம் சார், தேடவே இல்லையே. ஸ்பாட்டிஃபையில் ஒரு பாட்டு வருடத்துக்கு ஆயிரம் முறையாவது ஓடினால்தான் காசு கணக்கிலேயே வரும், 2024இலிருந்து அதுதான் விதி. ஆயிரம் பேர் வேண்டாம், இந்த இழையில் இருக்கிறவர்கள் ஆளுக்கு ஒருமுறை தட்டியிருந்தாலே போதும்.

பாலாற்றங்கரை | 9.52

லீட் கிட்டார், உங்கள் பாட்டைக் கேட்டேன். பின்னணியில் மிக்ஸி ஓடுகிற சத்தம் வருகிறது. அதற்கு மேல் இங்கே சொல்ல வேண்டாம் என்று பார்க்கிறேன்.

லீட் கிட்டார் | 9.53

போன பொங்கலுக்குக் காலேஜ் விழாவுக்கு எல்லோருக்கும் பாஸ் வாங்கித் தருகிறேன் என்று சொல்லிவிட்டு, எங்களைக் கேட்டில் நிறுத்திவிட்டுத் தான் மட்டும் உள்ளே போனவர் மிக்ஸியைப் பற்றிப் பேசுகிறார். பேசட்டும்.

நடுநிலை | 9.58

வணக்கம். எல்லோரும் இண்டி, இண்டி என்கிறீர்கள். எதை அப்படிச் சொல்கிறோம்? கம்பெனி பணம் இல்லாமல் போட்டதா? படத்துக்காகப் போடாததா? இளையராஜாவின் 'ஹவ் டு நேம் இட்' 1986இல் வந்தது. படத்துக்கானது அல்ல. அப்போ அதுவும் இதில் சேருமா? இதை முதலில் முடிவு செய்துகொண்டால் மீதிப் பேச்சு சுலபமாக இருக்கும் என்று தோன்றுகிறது.

கேசட் மாமா | 10.06

நடுநிலை சாருக்கு வணக்கம்.

இப்போது கேளுங்கள். லாங் பஜார் பக்கம் ஒரு ரெக்கார்டிங் கடையில் சாயங்காலம் சாயங்காலம் உட்கார்ந்து கேசட்டில் பாட்டுப் பதிந்து கொடுத்தவன் நான். ஆட்கள் நோட்டுத் தாளில் பாட்டு வரிசை கொண்டுவருவார்கள். அறுபது நிமிட டேப் என்றால் ஒரு பக்கத்துக்கு முப்பது நிமிடம். ஆறு பாட்டு பிடிக்கும், ஏழாவது போட்டால் சரணத்தின் நடுவில் டேப் நின்றுவிடும். அதனால் எது முதலில், எது கடைசியில், எதைத் தூக்குவது என்று உட்கார்ந்து யோசிக்க வேண்டும். நான் பாட்டின் நீளத்தைப் பென்சிலால் ஓரத்தில் குறித்துக் கூட்டிப் பார்த்த பிறகுதான் ரெக்கார்டு பட்டனையே தொடுவேன். ஹெட்டை ஸ்பிரிட்டில் துடைத்துவிட்டுத்தான் உட்காருவேன். அப்படித் தேர்ந்தெடுத்த பன்னிரண்டு பாட்டை ஒரு வருஷம் கேட்பார்கள். அதுதான் கேட்பது. நீங்கள் செய்வது கேட்பதில்லை, தள்ளிவிடுவது. முன்னிசை முடிவதற்குள் விரல் அடுத்ததுக்குப் போகிறது.

அந்தக் கடைக்கு ஒருநாள் இந்தியன் ஓஷன் பேண்டின் 'கண்டிசா' வந்தது. 2000இல் போட்ட ஆல்பம். தலைப்புப் பாட்டு அராமிய மொழி வழிபாட்டுப் பாட்டு, ஒரு சொல் புரியாது. அசீம் சக்ரவர்த்தி தபலா வாசித்துக்கொண்டே பாடுவார். இன்றைக்கும் ராத்திரி அதைப் போட்டால் முதல்முறை கேட்ட மாதிரியே இருக்கிறது. அப்புறம் 2006இல் யோகி பி அண்ட் நட்சத்ரா 'வல்லவன்'. தமிழில் ராப் என்றால் அங்கே முடிந்தது. மலேசியாவிலிருந்து வந்து பாடிக் காட்டினார்கள். அதற்குப் பிறகு வந்தவர்கள் எல்லாம் அதற்கு ஜெராக்ஸ்.

அப்புறம், அரக்கோணம் வேலூர் இல்லை.

பாலாற்றங்கரை | 10.15

'வல்லவன்' ஆல்பத்தில் எல்லோரும் பாடுகிற 'மடை திறந்து' எதிலிருந்து வந்தது மாமா? 1980இல் 'நிழல்கள்' படத்துக்கு ராஜா போட்டது. ஜெராக்ஸ் என்று யார் யாரைச் சொல்வது?

இந்தியன் ஓஷன் என்கிறீர்கள். அசீம் 2009 டிசம்பரில் போய்விட்டார். கிட்டார் வாசித்த சுஸ்மித் சென் 2013இல் விலகிவிட்டார். நீங்கள் திரும்பத் திரும்பப் போய்க் கேட்கிற அந்தக் குழுவே இப்போது அப்படியே இல்லை. மீதி இருக்கிறவர்கள் புதுப் பாட்டுப் போட்டுக்கொண்டுதான் இருக்கிறார்கள். அதையாவது ஒன்று கேட்டிருக்கிறீர்களா?

கேசட் மாமா | 10.18

போனவரை இழுத்துப் பேசுவது நல்ல வளர்ப்பு இல்லை.

பாலாற்றங்கரை | 10.19

வளர்ப்பு வரைக்கும் போயாச்சா? கேட்டதற்குப் பதில் எங்கே?

ரெண்டாம் பிளாட்பாரம் | 10.24

அவர் பதில் சொல்ல மாட்டார் தம்பி. நான் கேட்டதற்கும் சொல்லவில்லை. மாமா காட்பாடிக்காரர் என்று பிரியாணி இழையில் அவரே எழுதியிருக்கிறார். காட்பாடி சட்டமன்றத் தொகுதி எந்த மக்களவைத் தொகுதிக்குள் வருகிறது? அரக்கோணம். வேலூர் இல்லை. அதாவது இவர் வரிசையில் நின்று ஓட்டுப் போடுவதே அரக்கோணம் எம்.பி.க்குத்தான். ஓட்டுக்கு மட்டும் அரக்கோணம் வேண்டும், பாட்டுக்கு வேண்டாமா?

ஆம்பூர்க்காரி | 10.25

😂 மாமா ஃபோனை சார்ஜில் போட்டுவிட்டு வாருங்கள். ராத்திரி நீளம்.

கேசட் மாமா | 10.33

தொகுதி வேறு, மாவட்டம் வேறு. மக்கள்தொகைக் கணக்கு வைத்துக் கோடு போடுகிறார்கள். அந்தக் கோட்டில் பாட்டு வராது. மாவட்டம் என்றால் மாவட்டம்.

ரெண்டாம் பிளாட்பாரம் | 10.35

மாவட்டமும் யாரோ போட்ட கோடுதானே சார்?

கேசட் மாமா | 10.36

அரசாணையில் போட்ட கோடு.

நடுநிலை | 10.37

என் கேள்வி அப்படியே நிற்கிறது.

கேசட் மாமா | 10.49

பாலாற்றங்கரை தம்பி பெருமையாகச் சொன்ன 'எஞ்சாமி'க்கே வருவோம். 2022இல் செஸ் ஒலிம்பியாட் தொடக்க விழாவில் அந்தப் பாட்டு மேடை ஏறியது. அறிவு அங்கே இல்லை. யார் எழுதினார், யார் மெட்டுப் போட்டார் என்று ஊர் முழுக்கச் சண்டை. 2024இல் இசையமைப்பாளர் சந்தோஷ் நாராயணனே, தனக்கு அதிலிருந்து ஒரு பைசா வரவில்லை என்றார். உலகமே கேட்ட பாட்டுக்கு நிலைமை இது. இதைத்தான் தினம் தேடிக் கண்டுபிடிக்கச் சொல்கிறீர்களா?

அடுத்து சாய் அபயங்கரின் 'கட்சி சேர' பாட்டு என்று யாராவது வருவீர்கள். சாய் அபயங்கர் யார் பிள்ளை? பாடகர்கள் திப்பு, ஹரிணி பிள்ளை. வீட்டுக்குள்ளேயே பாட்டு இருக்கிற பையன் தெருவில் நின்று பாடுகிறவனோடு எப்படி ஒன்றாவான்?

ரெண்டாம் பிளாட்பாரம் | 10.58

காசு வரவில்லை என்றால் அது கணக்கு எழுதியவர்கள் மேல் இருக்கிற குறை. பாட்டின் குறையா? அந்தப் பாட்டுக்குள் இருப்பது இலங்கைத் தேயிலைத் தோட்டத்துக்குக் கூலியாகப் போய், வெறுங்கையோடு திரும்பி வந்தவர்களின் கதை. அறிவுடைய பாட்டி வள்ளியம்மாள் வாழ்ந்த கதை. நாலரை நிமிடத்துக்கு மேல் ஓடுகிறது, விரலால் தள்ளிவிடவும் யாருக்கும் தோன்றவில்லை. உங்கள் அராமியப் பாட்டு புரியாமலே பிடிக்கும், இது புரிந்தும் பிடிக்காது. ஏன் என்று எனக்குத் தெரியும். எழுத வேண்டாம் என்று விடுகிறேன்.

கேசட் மாமா | 11.01

எழுதுங்கள். பாதியில் விடுவது என்ன பழக்கம்? நான் சாதி பார்த்துப் பாட்டுக் கேட்கிறவன் இல்லை. கடைக்கு வந்த யாருக்கும் பன்னிரண்டு பாட்டுதான்.

ரெண்டாம் பிளாட்பாரம் | 11.02

நான் அந்தச் சொல்லை எழுதவே இல்லை. நீங்கள்தான் எழுதினீர்கள்.

ஆம்பூர்க்காரி | 11.10

இது வேறு பக்கம் போகிறது. நான் ஒன்று சொல்கிறேன், கோபப்படாமல் கேளுங்கள். எங்கள் வீட்டில் அப்பாவுக்குப் பழைய பாட்டு, தங்கைக்குப் புதுசு. சமையலறையில் ஒரே ஒரு ஸ்பீக்கர். யார் முதலில் ப்ளூடூத் போடுகிறார்களோ அவர்கள் பாட்டு. அவ்வளவுதான் இசை ரசனை. இதற்குப் போய் மாவட்டம் வரைக்கும் வருகிறீர்கள்.

கேசட் மாமா | 11.16

சமையலறையில் ஓடுவதைக் கேட்பது என்று சொல்ல முடியாது.

ஆம்பூர்க்காரி | 11.17

ஆமாம், நின்று சமைக்கிறவர்களுக்குக் காது கிடையாது. குறித்துக்கொண்டேன். அடுத்த முறை தாளிச்சாவுக்கு அளவு கேட்டு வாருங்கள், சொல்கிறேன்.

கேசட் மாமா | 11.30

பேச்சைத் திருப்ப வேண்டாம். புதுசு வேண்டுமா? வைகாசி முதல் தேதி குடியாத்தம் கெங்கையம்மன் சிரசுத் திருவிழாவுக்குப் போங்கள். கூட்டத்துக்குள் நின்று பம்பையும் உடுக்கையும் கேளுங்கள். தோல் இளகிப்போனால் வைக்கோலைக் கொளுத்திப் பறையை அதில் காட்டி, விரலால் தட்டிப் பார்த்து, மறுபடி காட்டி, சத்தம் ஏறுகிற வரைக்கும் விடமாட்டார்கள். ஒலிவாங்கி கிடையாது, பட்டியல் கிடையாது. அதற்கு முன்னால் உங்கள் திங்கள்கிழமைப் பட்டியல் நிற்குமா?

பாலாற்றங்கரை | 11.34

அப்போ வட ஆற்காட்டில் பாட்டு உண்டு! அதுவும் குடியாத்தம், இன்றைக்கும் வேலூர் மாவட்டம்தான், உங்கள் அரசாணைப்படியே. 'பாட்டு கிடையாது' என்று எழுதியது யார்? அதே பறையைத்தான் கேஸ்ட்லெஸ் கலெக்டிவ் கிட்டார் பக்கத்தில் நிறுத்தியது. அங்கே மட்டும் லூப்பும் லைட்டுமா?

கேசட் மாமா | 11.37

அது திருவிழா. நான் சொன்னது பேண்டு. இரண்டுக்கும் வித்தியாசம் தெரியாமல்தான் இத்தனை நேரம் பேசினீர்களா?

நடுநிலை | 11.38

அந்த வித்தியாசத்தைத்தான் 9.58க்குக் கேட்டேன்.

லீட் கிட்டார் | 11.44

பாலாற்றங்கரை, பறை பேச்சு இருக்கட்டும். பாஸ் கதைக்குப் பதில் வரவில்லை. நாங்கள் நாலு பேர் கிட்டார் பையோடு கேட்டில் நின்றோம். காவலாளி நாங்கள் வாசிக்க வந்தவர்கள் என்று நினைத்து நாற்காலி போட்டார். உங்களுக்கு ஃபோன் அடித்தால் எடுக்கவில்லை. உள்ளிருந்து ஸ்டேட்டஸ் மட்டும் வந்தது.

பாலாற்றங்கரை | 11.47

உள்ளே சிக்னல் இல்லை.

லீட் கிட்டார் | 11.47

ஸ்டேட்டஸ் போட மட்டும் சிக்னல் வந்ததா?

கேசட் மாமா | 11.52

உங்கள் பாஸ் பஞ்சாயத்தைத் தனியாக வைத்துக்கொள்ளுங்கள். ரெண்டாம் பிளாட்பாரத்துக்கு ஒன்று: ராயபுரத்திலிருந்து 1856இல் முதல் ரயில் வாலாஜா ரோடு வரைக்கும் வந்தது. உங்கள் ஊர் வழியில் இருந்தது, அவ்வளவுதான். ஜங்ஷன் ஆனதால் ஊர் மாறிவிடாது. அரக்கோணம் வேலூர் இல்லை.

ரெண்டாம் பிளாட்பாரம் | 11.54

வாலாஜாவும் இப்போது ராணிப்பேட்டை மாவட்டம்தான் சார். எதற்கு அதைத் தொடுகிறீர்கள்?

பாலாற்றங்கரை | 11.58

லீட் கிட்டார், ஸ்டேட்டஸ் போட்டது என் தம்பி. ஃபோன் அவனிடம் இருந்தது. வேண்டுமானால் அவனையே இங்கே வரச் சொல்கிறேன்.

லீட் கிட்டார் | நள்ளிரவு 12.03

வரச் சொல்லுங்கள். ட்யூனர் வாங்கிக்கொண்டு போனவனும் அவன்தான். இன்னும் திரும்பி வரவில்லை.