பேரிஸ் ஆஃபி: உங்களை விடாமல் துரத்தும் அந்த ஒரு காட்சி எது?

கிழக்குவானம்:

'ஸ்டார் வார்ஸ்' உலகின் அனிமேஷன் தொடரான 'குளோன் வார்ஸ்' ஐந்தாம் சீசனின் கடைசி நான்கு பாகங்களைப் பார்த்தவர்களுக்குத்தான் இந்தப் பதிவு. ஜெடாய் என்னும் காவல் வீரர்களின் கோயிலில் குண்டுவெடிப்பு, இளம் ஜெடாய் மாணவி அசோகா மேல் விழுந்த பழி, விசாரணை எல்லாம் உங்களுக்கே தெரியும். நேராக விஷயத்துக்கு வருகிறேன்.

விசாரணை மண்டபம். அசோகாவுக்கு எதிராக டார்கின் வாதாடி முடித்தாயிற்று, அவளுக்காகப் பத்மேயும் தன்னால் ஆனதைப் பேசிவிட்டார். குடியரசின் தலைவரான சான்சலர் தீர்ப்பை வாசிக்கப் போகிறார். அப்போது அசோகாவின் குரு அனகின் உள்ளே வருகிறார். பின்னால் முகமூடி அணிந்த கோயில் காவலர்கள், அவர்கள் நடுவே அசோகாவின் தோழி, இன்னொரு ஜெடாயான பேரிஸ். நான் தான் செய்தேன் என்று தாழ்ந்த குரலில்தான் தொடங்குகிறாள். அப்புறம் அந்தக் குரல் ஏறுகிறது. இந்தப் போருக்கு நாமே பொறுப்பு, வழி தவறிவிட்டோம், கூண்டில் நிற்க வேண்டியது ஜெடாய் எல்லோரும், இந்தக் குடியரசு விழப் போகிறது என்கிறாள். கேட்டுக்கொண்டிருக்கும் சான்சலர் ஒரே வார்த்தையில் அவளை இழுத்துக்கொண்டு போகச் சொல்கிறார்.

2013இல் முதல்முறை பார்த்தபோது அசோகா தப்பித்தாளே என்ற நிம்மதியில் அந்தப் பேச்சு என் காதில் சரியாக விழவில்லை. பிறகு பார்க்கும்போதெல்லாம் அங்கேயே நின்றுவிடுகிறேன். மண்டபம் நிறைய ஆட்கள். ஜெடாய்களின் மூத்த குருக்கள் யோடா இருக்கிறார், விண்டு இருக்கிறார். அவள் சொன்னதற்கு ஒருவர்கூட வாய் திறந்து பதில் சொல்லவில்லை. அவள் யாரைப் பார்த்துக் குடியரசு சரிகிறது என்றாளோ, அந்த நாற்காலியில் இருப்பவர்தான் அதைச் சரித்துக்கொண்டிருக்கும் சித், அதாவது ஜெடாய்களின் பரம எதிரி. அவளுக்கு அது தெரியாது. தெரியாமலேயே சரியான ஆளிடம் சொல்லிவிட்டாள். அந்த ஒரு நிமிடம் என்னை இன்னும் விடவில்லை. உங்களுக்கு எது?

மணல்கடிகாரம்:

நண்பரே, உங்கள் பதிவைப் படித்ததும் எனக்குக் கோபம்தான் வந்தது, மறைக்க விரும்பவில்லை. அவள் பேசியது உண்மை என்று இணையம் முழுக்கச் சொல்கிறார்கள். அந்த உண்மைக்காகச் செத்தவர்களை ஏன் யாரும் பேசுவதில்லை?

ஜாக்கர் என்று ஒரு தொழிலாளி. தன் உடம்பே குண்டு என்பது அவனுக்குத் தெரியாது. மனைவி லெட்டாதான் அவன் உணவில் நானோ டிராய்டுகளை, அதாவது வெடிக்கும் நுண்ணிய இயந்திரங்களைக் கலந்து கொடுக்கிறாள். அந்த யோசனையை அவளுக்குக் கொடுத்தது பேரிஸ். வெடித்ததில் ஜெடாய்கள் மட்டுமா போனார்கள்? குளோன் படைவீரர்கள், கப்பல் கொட்டகையில் வேலை செய்த சாதாரண ஆட்கள் எல்லோரும் போனார்கள்.

என்னைத் துரத்தும் காட்சி லெட்டாவின் சிறை அறை. அவள் பயந்துபோய் அசோகாவைக் கூப்பிட்டனுப்புகிறாள். இதற்குப் பின்னால் ஒரு ஜெடாய் இருக்கிறார் என்கிறாள். பெயரைச் சொல்லப் போகும்போது கழுத்து இறுகுகிறது, கால்கள் தரையை விட்டு எழும்புகின்றன. அசோகா என்ன செய்வதென்று தெரியாமல் கையை நீட்டுகிறாள். கண்காணிப்புப் பதிவில் ஒலி கிடையாது. பார்ப்பவர் கண்ணுக்கு அசோகாவே நெரிப்பது போல இருக்கும். பேரிஸ் அந்த அறையில் இல்லவே இல்லை. எங்கோ மறைந்து நின்று ஜெடாய்களின் 'ஃபோர்ஸ்' சக்தியால் ஒரு உயிரை எடுத்து, பழியைத் தோழியின் நீட்டிய கையில் வைத்துவிட்டாள்.

அதற்குச் சற்று முன்னால்தான் இறந்தவர்களுக்கான இறுதிச் சடங்கில் அசோகாவின் பக்கத்தில் நின்று இழப்பைப் பற்றிப் பேசினாள். அசோகா ஓடி ஒளியும்போது நம்பித் தொடர்பு கொள்வதும் இவளைத்தான். இவள் காட்டிய கிடங்குக்குப் போய்த்தான் அசோகா மாட்டுகிறாள். இரண்டாம் முறை பார்க்கும்போது அந்த அக்கறையான குரலைக் கேட்கவே முடியவில்லை என்னால்.

போர் தவறென்று நினைத்தால் ஒதுங்கிப் போயிருக்கலாம். அசோகா அதைத்தானே செய்தாள்? குற்றமற்றவள் என்று தெரிந்ததும் ஜெடாய் கவுன்சில் திரும்பக் கூப்பிட்டது. வேண்டாம் என்று சொல்லிவிட்டுப் படி இறங்கிப் போனாள். யார் உயிரையும் எடுக்கவில்லை.

நிழல்மரம்:

மேலே உள்ள இருவரும் ஐந்தாம் சீசனிலேயே நிற்கிறீர்கள். எனக்கு ஆரம்பம் இரண்டாம் சீசன், ஜியோனோசிஸ் கிரகத்தின் ஆயுத ஆலை. அக்காவும் நானும் சேர்ந்து பார்த்தது. அக்காவுக்கு அனகினைப் பிடிக்காது, எனக்குப் பேரிஸின் குரு லுமினாராவைப் பிடிக்கும். அந்தப் பாகம் முடிந்தபோது இரண்டு பேரும் கட்சி மாறிவிட்டோம்.

பேரிஸ் அந்தச் சுரங்கப் பாதை முழுவதையும் மனப்பாடம் செய்துவிட்டு வந்திருப்பாள். எந்தத் திருப்பத்தில் எந்தப் பக்கம் போக வேண்டும் என்பது விரல்நுனியில். அசோகாவுக்கு அதெல்லாம் வராது, இவளைப் பார்த்து வியப்பாள். குருவின் சொல்லை அட்சரம் பிசகாமல் கேட்கும் பிள்ளை. கடைசியில் வேறு வழியில்லாமல் இரண்டு பேரும் ஒரு டாங்கிக்குள் ஏறி உலையைச் சுட, மொத்த ஆலையும் தலையில் இடிந்து விழுகிறது.

வெளியே இரண்டு குருக்கள். அனகின் இடிபாட்டைத் தூக்கி எறிந்து தேடியே தீருவேன் என்கிறார். லுமினாரா அமைதியாக நிற்கிறார். நேரம் வந்தால் என் மாணவியை விட்டுக்கொடுக்க நான் தயார், நீங்கள் தயாரா என்று அனகினிடம் கேட்கிறார். ஜெடாய் நெறிப்படி அது மிகச் சரியான பதில். ஆனால் பேரிஸ் அந்த நேரம் மண்ணுக்கு அடியில், காற்று தீர்ந்துகொண்டிருக்கும் இருட்டில் கிடக்கிறாள். அக்கா படத்தை நிறுத்திவிட்டு, "இந்தப் பொண்ணுக்கு யாருமே இல்லையா?" என்றாள்.

மணல்கடிகாரம், ஒதுங்கிப் போயிருக்கலாமே என்று கேட்கிறீர்கள். அசோகா படியிறங்கும்போது பின்னாலேயே ஓடிவந்து கெஞ்ச ஒரு அனகின் இருந்தார். பேரிஸுக்கு யார் இருந்தார்கள்? வழக்கு நடந்த நாளெல்லாம் லுமினாரா அவளிடம் வந்து என்ன ஆயிற்று என்று கேட்பதாக ஒரு காட்சி உண்டா? கொலையை நான் நியாயப்படுத்தவில்லை. எதையுமே சொல்ல ஆளில்லாத பிள்ளை உள்ளுக்குள்ளேயே வெந்து இப்படி ஆகும் என்பதை அந்த இடிபாட்டுக் காட்சியே காட்டிவிட்டது என்கிறேன்.

பழைய_ரசிகன்:

நான் பேரிஸை முதலில் பார்த்தது 2002இல் வந்த 'அட்டாக் ஆஃப் தி குளோன்ஸ்' படத்தில். ஜியோனோசிஸ் மைதானச் சண்டையில் லுமினாராவோடு இருப்பார், நளினி கிருஷன் நடித்தது. வசனம் இல்லாததால் யாரென்றே கவனிக்கவில்லை. பின்னால் தெரிந்து திரும்பப் பார்த்தபோது மனம் கனத்தது. என் கதை அவ்வளவுதான்.

இங்கே படிக்கும் புதியவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். தயவுசெய்து இந்தப் பெண்ணின் கதையைத் துண்டு துண்டாகப் பார்க்காதீர்கள். முதல் சீசனின் ஒன்பதாம் பாகத்திலிருந்து தொடங்குங்கள். அதில் பேரிஸ் கிடையாது, ஆனால் லுமினாராவும் அசோகாவும் ஒன்றாக வருவார்கள். லுமினாரா தனியாகவே எதிரணியின் வாள்வீராங்கனை வென்ட்ரெஸ்ஸைச் சமாளிக்கலாம் என்று போவார், அசோகா சொல் பேச்சு கேட்காமல் பின்னால் போய்க் காப்பாற்றுவாள். அந்தக் குரு எப்படிப்பட்டவர் என்பது அங்கேயே பிடிபட்டுவிடும். பிறகு இரண்டாம் சீசனில் ஆறு, ஏழு, எட்டு மூன்றையும் வரிசையாகப் பாருங்கள். ஏழில் பேரிஸுக்கு வேலை இல்லை என்று தாண்டிவிடுகிறார்கள். தாண்டாதீர்கள், எட்டாம் பாகத்தில் மூளைக்குள் புகுந்து ஆளை ஆட்டிவைக்கும் புழுக்கள் அங்கிருந்துதான் வருகின்றன.

எட்டைக் கண்டிப்பாக நிதானமாகப் பாருங்கள். கப்பலில் இரண்டு பெண்களும் சாப்பிட உட்கார்ந்து, போர் முடிந்தபின் ஜெடாய்களுக்கு என்ன வேலை என்று பேசுவார்கள். எல்லாவற்றுக்கும் விடை தனக்கும் தெரியாது, தானும் படிப்பவள்தான் என்பாள் பேரிஸ். கொஞ்ச நேரத்தில் புழு அவள் மூளைக்குள் போய்விடும். அசோகா குளிரூட்டும் குழாயை உடைத்துக் கப்பலையே உறைய வைப்பாள். குளிரில் புழு தளர்ந்ததும் பேரிஸுக்குச் சுயநினைவு வந்து, என்னைக் கொன்றுவிடு என்று கெஞ்சுவாள். அசோகா அவளைக் கொல்லாமல், வாயிலிருந்து வெளியே வரும் புழுவை மட்டும் வெட்டுவாள். இதை மனதில் வைத்துக்கொண்டு ஐந்தாம் சீசனின் பதினேழு முதல் இருபது வரை போங்கள். முடிந்ததும் உடனே ஏழாம் சீசனைப் போடாதீர்கள், கொஞ்சம் இடைவெளி விடுங்கள். பிறகு 2020இல் வந்த மாண்டலோர் முற்றுகைப் பாகங்கள் நான்கு. எல்லாவற்றுக்கும் கடைசியாக 'டேல்ஸ் ஆஃப் தி எம்பயர்', அதிலும் பின்பாதி மூன்று பாகங்கள்தான் இவளுடையவை.

சிறு பிள்ளைகளோடு பார்ப்பவர்கள் அந்தப் புழுப் பாகத்தை முதலில் தனியாகப் பார்த்துவிட்டுப் பிறகு முடிவெடுங்கள். மூலக் குரலிலேயே பாருங்கள், மெரிடித் சாலெஞ்சர் குரல். 2024இலும் அவரே பேசியிருக்கிறார், குரலில் ஏறியிருக்கும் வயதைக் கேட்க வேண்டும்.

சாளரம்:

பழைய_ரசிகன் அண்ணா, உங்கள் வரிசையை நான் அப்படியே தலைகீழாகப் பார்த்தேன். கெட்டுப்போகவில்லை என்று சொல்லத்தான் எழுதுகிறேன்.

'டேல்ஸ் ஆஃப் தி எம்பயர்' 2024 மே 4 அன்று வந்தபோது, பேரிஸ் யாரென்றே எனக்குத் தெரியாது. சிறையில் ஒரு பெண். வெளியே ஜெடாய்களை வேட்டையாடுகிறார்கள். லின் என்று ஒருத்தி வந்து கூட்டிப் போகிறாள். ஜெடாய்களை வேட்டையாடும் இன்க்விசிட்டர்களோடு சேர்க்கிறார்கள். ஊருக்குள் போய் ஒளிந்திருக்கும் ஜெடாயைத் தேடச் சொன்னால், இவள் பேச்சில் முடிக்கப் பார்க்கிறாள், லின் ஊர்க்காரர்களைக் கொன்று போடுகிறாள். பிடிபட்ட ஜெடாய் பணிந்த பிறகும் லின் விடவில்லை. அங்கேதான் பேரிஸ் திரும்புகிறாள். லின்னை மலையிலிருந்து தள்ளிவிட்டு, காயம்பட்டவரைத் தூக்கிக்கொண்டு போகிறாள்.

என்னை விடாத காட்சி கடைசிப் பாகத்தில் வருகிறது. வருடங்கள் ஓடிவிட்டன, பனிப் பிரதேசத்தில் மருத்துவச்சியாக இருக்கிறாள். லின் தேடி வருகிறாள். கையில் ஆயுதமே இல்லாமல் குகைக்குள் நடந்து போகிறாள் பேரிஸ். பின்னால் லின் சிவப்பு வாளோடு வருகிறாள். குகைக்குள் லின்னுக்கு வழி தெரியவில்லை, பதறிப்போய் கண்மூடித்தனமாக வீசுகிறாள். அந்தப் பதற்றத்தில் வாள் பேரிஸின் உடம்பில் பாய்ந்துவிடுகிறது. பாய்ந்ததும் லின்னின் முகத்தைப் பாருங்கள். கொல்ல வந்தவளே அவளைத் தூக்கிக்கொண்டு வெளியேறும் வழி தேடுகிறாள். பேரிஸ் பிழைத்தாளா என்பதைக் காட்டாமலேயே முடித்துவிட்டார்கள்.

இதற்கு அப்புறம்தான் பழைய பாகங்களுக்குப் போனேன். கோயிலில் அனகின் அவள் அறைக்கு வந்து சட்டென்று ஒரு வெட்டு வெட்டுவார். அவள் வென்ட்ரெஸ்ஸிடமிருந்து எடுத்த சிவப்பு வாள் இரண்டையும் வைத்துத் தடுப்பாள். அப்படியே சண்டை வெளியே போய்ச் சின்னப் பிள்ளைகள் பயிற்சி செய்யும் முற்றத்தில் விழும். எல்லோரும் அதிர்ந்துபோகும் இடம் அது என்று தெரியும். நான் அழுதேன். இந்தக் கைகள்தான் பின்னால் எத்தனையோ பேருக்கு மருந்து கட்டப் போகின்றன என்று எனக்கு முன்னாலேயே தெரியும். வரிசையாகப் பார்த்திருந்தால் அந்த அழுகை வந்திருக்காது.

மணல்கடிகாரம்:

சாளரம், நன்றாக எழுதியிருக்கிறீர்கள். ஆனால் மருந்து கட்டினாள் என்பதால் கணக்கு நேராகிவிடுமா? ஜாக்கருக்கு யார் மருந்து கட்டினார்கள்?

நிழல்மரம் சொன்ன லுமினாரா விஷயத்தை மட்டும் ஒப்புக்கொள்கிறேன். அந்த இடிபாட்டுக் காட்சியை நேற்று திரும்பப் பார்த்தேன். கடைசியில் லுமினாராவும் சேர்ந்துதான் கல்லைத் தூக்குகிறார். அதைச் சொல்லாமல் விட்டுவிட்டீர்களே? அவர் தன் மாணவியைக் கைவிடவில்லை.

நிழல்மரம்:

தூக்கினார், உண்மைதான். அடியிலிருந்து சமிக்ஞை வந்து, உயிரோடு இருக்கிறார்கள் என்று தெரிந்த பிறகு தூக்கினார். அனகின் அதற்காகக் காத்திருக்கவில்லை. எங்கள் வீட்டில் இந்த ஒரு விஷயத்துக்கு இன்றுவரை சண்டை நடக்கிறது, இங்கேயும் நடக்கட்டும்.

கிழக்குவானம்:

எல்லோருக்கும் நன்றி. மணல்கடிகாரம், உங்கள் கோபம் நியாயம். லெட்டாவைப் பற்றி ஒரு வரிகூட எழுதாமல் நான் பதிவு போட்டது எனக்கே இப்போது உறுத்துகிறது. ஆனாலும் மண்டபத்தில் யாரும் பதில் சொல்லாதது பற்றிய என் கேள்வி அப்படியேதான் இருக்கிறது. கொலைகாரி கேட்டாலும் கேள்வி கேள்விதானே.

இன்னொன்றும் தோன்றுகிறது. அந்த மண்டபத்துக்குப் பிறகு அசோகாவும் பேரிஸும் நேருக்கு நேர் சந்திப்பதை நாம் திரையில் பார்க்கவே இல்லை. அசோகா வளர்ந்து, போர்கள் பல கண்டு, தனக்கென்று ஒரு தொடரே வந்துவிட்டது. அவள் வாயிலிருந்து பேரிஸைப் பற்றி என்ன வரும் என்று கேட்க எனக்கு அவ்வளவு ஆசை. மன்னிப்பு கேட்க வேண்டியவள் பேரிஸ், அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. அவள் பிழைத்திருந்தால் அசோகாவைத் தேடிப் போயிருப்பாளா, இல்லை அந்த மலையிலேயே இருந்திருப்பாளா? நீங்கள் என்ன நினைக்கிறீர்கள்?

சாளரம்:

போயிருக்க மாட்டாள். தேடி வருபவர்களுக்குக் கதவைத் திறந்து வைத்திருப்பதைத்தான் கடைசியில் அவள் கற்றுக்கொண்டாள். அசோகாதான் போக வேண்டும்.

மணல்கடிகாரம்:

அசோகா ஏன் போக வேண்டும்? பேரிஸ் நடக்கட்டும்.