“லவ்”னு ஆரம்பிச்சா “எந்தக் கோயில்”ல போய் நிற்கும்

ஒருத்தரோட பழகணும்னு வீட்டுல எப்படிக் கேட்கிறது? செட்டிநாட்டுப் பிள்ளைங்களுக்கு மூணு பேர் சொல்றது.

காரைக்குடி, பள்ளி ஆலோசகர்:
பதினாறு வயசுப் பிள்ளை “ஒருத்தரோட பழகலாமா”ன்னு கேட்டா, பெத்தவங்க காதுல விழுறது கல்யாணப் பேச்சு. உடனே எந்த ஊரு, எந்தக் கோயில்னு மனசுக்குள்ள கணக்கு ஓடும். நகரத்தார் (செட்டிநாட்டுச் செட்டியார்) வீடுன்னா ஒன்பது கோயில்ல எதைச் சேர்ந்தவங்கன்னு பார்ப்பாங்க. ஒரே கோயில்னா பெரும்பாலும் பங்காளி முறை, பேச்சு அங்கேயே நின்னுடும். மத்த வீடுகள்ல சாதி. அதனால லவ், டேட்டிங் ரெண்டு சொல்லையும் எடுக்கவே வேண்டாம். கேட்கிறது சின்னதா, அளவோட இருக்கட்டும். “ஞாயிறு நாலு மணிக்கு எங்க வகுப்புல அஞ்சு பேரு ஐஸ்கிரீம் கடைக்குப் போறோம், அவனும் வர்றான், ஆறுக்கெல்லாம் வந்துடுவேன்.” இதுக்கு யோசிச்சுப் பதில் சொல்லலாம். “பழக விடுவீங்களா”ன்னா வேண்டாம்ங்கிறதுதான் வரும். அந்த “அவனும் வர்றான்”ஐ முழுங்கிட்டா கேட்டதே வீண். நீங்க வீடு திரும்புறதுக்குள்ள தெரிஞ்சவங்க யாராவது போன் போட்டிருப்பாங்க, நம்ம ஊரு அப்படி.

தேவகோட்டை, ரெண்டு பிள்ளைக்குத் தாய்:
எங்கே பேசுறோம்ங்கிறதையும் பாருங்க. வளவு, அதாவது செட்டிநாட்டு வீட்டோட நடுப்பகுதி, திறந்த முற்றம், கிசுகிசுத்தாலும் உள்ளே இரண்டாங்கட்டு வரைக்கும் கேட்கும். ஒரே வீட்டுல நாலு புள்ளி (கல்யாணமான தனிக் குடும்பம்) இருந்தா சொல்லவே வேண்டாம். ஆத்தாவோட (அம்மாவோட) சந்தைக்கு நடந்து போற வழிதான் தோது. முகத்துக்கு முகம் பார்க்க வேண்டியதில்லை, பத்து நிமிஷத்துல பேச்சும் முடியும். மார்க் வந்த அன்னைக்கும் விசேஷத்துக்கு முந்தின வாரமும் வாயைத் திறக்காதீங்க.

நிறைய பிள்ளைங்க முதல்ல ஆயாகிட்ட (பாட்டிகிட்ட) போவாங்க. ஆயா இளகிடுவாங்க, உண்மைதான். ஆனா “பெத்தவ என்கிட்ட சொல்லலையே”ங்கிற வருத்தத்துலயே ஆத்தா மறுத்துடுவாங்க. அப்பச்சி (அப்பா) சிங்கப்பூர்ல இருந்தா வாட்ஸாப்ல எழுதி அனுப்பாதீங்க, எழுத்து கை மாறும். ஆத்தா பக்கத்துல உட்கார்ந்திருக்க, வீடியோ கால்ல சொல்லுங்க.

டியூஷன்னு சொல்லிட்டு வேற எங்கேயாவது போறது? இப்பெல்லாம் வரலைன்னா மாஸ்டரே வீட்டுக்கு மெசேஜ் போட்டுடுறார்.

திருப்பத்தூர், வழக்கறிஞர்:
பெத்தவங்க பயத்துல சட்டமும் இருக்கு, பிள்ளைங்க இதைத் தெரிஞ்சுக்கணும். பிள்ளைங்களைப் பாலியல் குற்றத்துல இருந்து காக்கிற 2012 போக்சோ சட்டப்படி 18 முடியாத யாரும் குழந்தைதான், ஆணோ பெண்ணோ. ரெண்டு பேருக்கும் சம்மதம்னாலும் எல்லை தாண்டினா அந்தச் சம்மதத்துக்குச் சட்டத்துல இடமில்லை, வழக்கு வரும். அந்தரங்கப் படம் எடுக்கிறதும் அனுப்புறதும் தனிக் குற்றம். கல்யாண வயசு பெண்ணுக்கு 18, ஆணுக்கு 21. “இதெல்லாம் எனக்குத் தெரியும் அப்பச்சி”ன்னு பிள்ளை வாயால கேட்டா பாதிப் பயம் இறங்கும். பேசப் போய் அடி, பூட்டி வைக்கிறதுன்னு ஆனா குழந்தைகள் உதவி எண் 1098க்குக் கூப்பிடுங்க, காசு கிடையாது.

காரைக்குடி, மறுபடியும்:
ஒண்ணு விட்டுப்போச்சு. அடுத்த கேள்வி போன் பாஸ்வேர்டா இருக்கும். முடியாதுன்னு மொட்டையா சொன்னா சந்தேகம் கூடும். “ராத்திரி ஒன்பதுக்கு மேல போன் பட்டாலையில (பொதுக் கூடத்துல) சார்ஜ்ல கிடக்கட்டும்”னு நீங்களே முந்திச் சொல்லுங்க. அநேக வீடுகள்ல அதோட விட்டுடுவாங்க. வேண்டாம்னுட்டாங்களா, ஏன்னு சண்டை போடாம “அரையாண்டுப் பரீட்சை முடிஞ்சதும் திரும்பக் கேட்கவா”ன்னு ஒரு தேதி வாங்கிக்குங்க. அதுக்கு முன்னாடி ரெண்டாந்தரம் கேட்டுடாதீங்க.